படிக்காமல் விட்ட வரி

அக்காவுக்கு எலும்பு எளிதில் முறியும் நோய். "குளிப்பாட்டத் தெரியாம கால முறிச்சிட்டா" என்று, அவள் கைக்குழந்தையாக இருந்தபோது சொந்தக்காரர்கள் அம்மாவைச் சொன்னது அவரை விட்டு இன்னும் போகவில்லை. வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆஸ்பத்திரிக் கடிதங்கள் என் கைக்குத்தான் வரும்.

இரண்டு வருடத்துக்கு முன் வந்த எக்ஸ்ரே அறிக்கை முழுக்கக் கால்களைப் பற்றியது. கடைசியில் மட்டும் ஒரு வரி: மண்டையோட்டின் அடிப்பகுதி தட்டையாக இருக்கிறது, கழுத்தெலும்பின் நுனி சற்று மேலேறியிருக்கிறது, வருடம் ஒருமுறை படம் எடுக்கவும்.

"தலையில ஒன்னும் இல்லையே?" என்று அம்மா கேட்டார். "பச்சப்புள்ளையில நான்தான் எண்ணெய் வெச்சு அமுக்கி விட்டேன்."

"கால் மட்டும்தாம்மா," என்றேன்.

நானே கூட்டிப்போய்ப் படம் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஓவர்டைம் என்று தள்ளிப்போட்டேன்.

மாசாய் ஊரில் எங்கள் ஃப்ளாட்டில் உட்கார்ந்தபடியே அக்கா ரவிக்கைகளுக்குக் கொக்கி தைப்பாள். "சிரிப்பு காட்டாதடா, சிரிச்சா பின்மண்டை வலிக்குது," என்றாள் ஒருநாள். அதையும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். பிறகு கொக்கிகள் விரலிலிருந்து நழுவத் தொடங்கின. "பிடிச்சிருக்கேனான்னே தெரியல லா," என்றாள்.

டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் திரையில் அருகருகே வைத்தார். மேல்வாயிலிருந்து பின்மண்டையின் அடிவரை இரண்டிலும் ஒரு கோடு இழுத்தார். பழையதில் கழுத்தெலும்பின் நுனி கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது. புதியதில் தாண்டிப் போயிருந்தது; அதுதான் விரல்களுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்றார். நடுவில் ஏன் வரவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என்னடா கேக்குறாங்க?" என்றாள் அக்கா.

அந்தக் கடைசி வரியையும் அம்மாவிடம் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட மறைச்ச, சரி. மண்டை என்னோடதுதானே? என்கிட்ட ஏன்டா சொல்லல?"

இப்போது அவள் கழுத்தில் பட்டை போட்டிருக்கிறாள். ஆபரேஷன் செய்தால் மேலும் மோசமாகாமல் தடுக்கலாம், விரல்களுக்கு உணர்வு திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார்கள்.

நேற்று சாயங்காலம் அடுத்த கடிதத்தை அவளே என்னிடம் நீட்டினாள். "முழுசா படி. பெரிய படிப்பு படிச்சவன், உனக்குப் பிடிச்ச எடத்துல நிறுத்தாத."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தலையைப் பற்றிய பகுதி வந்ததும் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"அமுக்கினதால இல்லம்மா. எலும்பே மெத்துனு இருக்கிற நோய். தலை பாரத்துல தானா அமுங்குதாம். டாக்டர்கிட்ட கேட்டேன்."

அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு முன்பே நான் டாக்டரிடம் கேட்டிருந்தால் அன்றே இதைச் சொல்லியிருக்கலாம்.

"ம், மேல படி," என்றாள் அக்கா.