கார்குழலிக்குப் பூசிய நிறம்

நோணாங்குப்பம் படகுத்துறையில் பயணிகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது கார்குழலியின் வேலை. நாள் முழுக்க வெயில். நல்ல உயரம், நல்ல கருப்பு. அப்பா வேலை பார்த்த மில் மூடிய பிறகு வீடு அவளை நம்பித்தான் நடக்கிறது.

சென்ற ஆண்டு, தேசிய அழகிப் போட்டி ஒன்றில் புதுச்சேரி சார்பாக நிற்க ஆள் தேடி வந்த விக்ரம் அவளைத் துறையில் பார்த்தான். அதுவரை போட்டியில் புதுச்சேரிக்கான இடத்துக்கு வெளியூர்ப் பெண் யாராவது வந்து, கடற்கரைச் சாலையில் படம் எடுத்துக்கொண்டு போவாள்.

"இந்த வருஷம் எல்லா நிறமும் மேடையில இருக்கணும்னு முடிவு பண்ணியிருக்கோம்."

"யாரு முடிவு பண்ணாங்க? இந்த வருஷம் மட்டும் ஏன்?" என்று கேட்டாள்.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை. ஆனாலும் ஒருமுறை அந்த மேடையில் நின்றுவிட வேண்டும் என்ற ஆசை அவளை விடவில்லை.

மும்பையில் நடக்கவிருந்த இறுதிச் சுற்றுக்கு ஒரு மாதம் இருந்தது. அம்மா மாலா, கல்யாணப் பெண்ணை வைப்பதுபோல மகளை வீட்டுக்குள் வைத்துவிட்டாள். காலையில் கடலைமாவு, மாலையில் பாலேட்டில் குழைத்த கஸ்தூரி மஞ்சள்.

"இந்த நிறத்தப் பாத்துதாம்மா எடுத்தாங்க."

"சும்மா சொல்லுவாங்கடி. கருப்பப் பாக்க எவன் டிக்கெட் வாங்குவான்? மூஞ்சியக் காட்டு."

அம்மாவின் சந்தேகம் மகளுடையதைவிட முதிர்ந்தது.

மும்பையில் விக்ரம் பதறிவிட்டான். "என்ன ஆன்ட்டி பண்ணீங்க? வெளுத்துட்டாங்களே!"

மாலா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். "வெயில்லயே விடலப்பா. இன்னும் பத்து நாள் குடுத்திருந்தா பாத்திருப்ப."

ஒப்பனைக்காரி அடர்ந்த பழுப்பு கிரீமை எடுத்து வந்து பூசினாள். கார்குழலி கண்ணாடியைப் பார்த்தாள். "வெயில்ல நின்னப்பகூட நான் இவ்ளோ கருப்பு இல்லையே."

"லைட்டுல தெரியணும். இல்லனா நீங்களும் எல்லாரையும் மாதிரி ஆயிடுவீங்க," என்றான் விக்ரம்.

"ஆயிட்டா என்ன?"

"அந்த இடத்துக்கு வேற ஆள் காத்திருக்காங்க."

அவள் எழுந்துபோகவில்லை. அதற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, புகழவும் வரவில்லை. பூசிய முகத்தோடு மேடையேறினாள். உண்மையான அழகுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று தொகுப்பாளர் நெகிழ்ந்தார். பரிசு வேறொருத்திக்குப் போனது.

அறையில் மாலா தேங்காயெண்ணெய் தொட்டு மகளின் முகத்தைத் துடைத்தாள்.

"ஏன்டி ஒத்துக்கிட்ட?"

"நிக்கணும்னு இருந்துச்சு. நின்னுட்டேன்."

"கை தட்டுனாங்கல்ல?"

"தட்டுனாங்க. யாருக்குன்னுதான் தெரியல."