பாசி நாற்றமும் அப்பாவின் சொல்லும்

நேற்று பெசன்ட் நகர் கடற்கரையில் பாசி நாற்றம் மூக்கில் ஏறியதும் அப்பா நினைவுக்கு வந்துவிட்டார்.

"பாசி நாறினா மீன் தள்ளிப் போயிரும், கட்டுமரத்தை எறக்காதே" என்பார். எங்கள் மீனவர் ஊரான ஊரூர் குப்பமே அதற்குக் கட்டுப்பட்டது. அவருக்கு அங்கே இருந்த மரியாதையே அந்தச் சொல்தான். நாறும் நாட்களில் எங்கள் வீட்டில் கஞ்சிதான். சில நாள் அதுவும் இல்லை.

ஒருமுறை நான்கு நாள் தொடர்ந்து நாறியது. அம்மா கேட்டாள்: "இன்னாயா, நாறுற அன்னிக்கு எவனும் கடலுக்கே போறதில்ல. அப்புறம் மீன் இல்லன்னு உனுக்கு யாரு சொன்னது?"

அப்பா எழுந்து கரைக்குப் போனார். கரையில் இருந்தவர்கள் சிரிக்கச் சிரிக்கக் கட்டுமரத்தை இறக்கினார். மதியம் வலை நிறைய காரப்பொடி மீனோடு திரும்பினார்.

"ஏதோ இன்னிக்கு உன் அதிர்ஷ்டம்ணா" என்று ஒருவர் தப்பிக்க வழி கொடுத்தார். அப்பா அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு, "இத்தினி வருசமா நான் சொன்னது தப்புப்பா" என்றார்.

"அப்போ நாறினா மீன் கெடைக்கும்னு வச்சிக்கலாமா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அதையும் நம்பாதே. போய்ப் பாரு."

நான் எட்டாவதோடு நின்று, ஊர் ஊராக வேலை பார்த்தவன். படித்த முதலாளிகள் நிறையப் பேரிடம் இருந்திருக்கிறேன். கூட்டம் கூட்டித் தன் தப்பைச் சொன்ன மனிதர் என் அப்பா ஒருவர்தான்.