வாளியக்காவின் சத்தியம்

என் கல்லூரித் தோழி ஒருத்தியோடு நான் பேசுவதில்லை. கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருந்தாள், போகவில்லை. கூட இருந்தே குழி பறித்தவளுக்கு அட்சதை போட எனக்கு மனம் வரவில்லை.

பொறியியல் கடைசி வருட புராஜெக்டுக்கு, பிள்ளைகளோடு சேர்ந்து கதை சொல்லும் ரோபோ ஒன்றை நாங்கள் இருவரும் செய்தோம். பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நீல பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துத் தலையாக்கி, இரண்டு பல்புகளைக் கண்ணாக வைத்து, கழுத்தில் மோட்டார் பொருத்தியிருந்தோம். அதற்குச் சொந்தப் புத்தி கிடையாது. பக்கத்து அறையில் மைக்கோடு உட்கார்ந்து, வாளியில் வைத்த சின்ன கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டு நான்தான் பேசுவேன். பிள்ளைகள் எப்படியெல்லாம் பதில் சொல்வார்கள் என்று தெரிந்தால்தான் பிறகு புரோகிராம் எழுத முடியும். அதுவரை ரோபோ தானாகப் பேசுவதாகவே அவர்கள் நம்ப வேண்டும். நம்பினார்கள், பாவம்.

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் அதை வைத்தோம். பிள்ளைகள் வாளியக்கா என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொருவராக வந்து உட்காருவார்கள். கதையை நான் பாதியில் நிறுத்துவேன், மீதியை அவர்கள் சொல்வார்கள்.

ஒரு நாள், கடலுக்குப் போக மறுக்கும் மீன்குஞ்சின் கதை. படகில் மீன்பிடிக்கப் போகிறவர் ஒருவரின் மகள், ஏழு வயது, வாளிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். மீன்குஞ்சு ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"அல சத்தம் கேட்டா அதுக்குப் பயம். பாயிலயே மூத்திரம் போயிடும்," என்றாள். பிறகு வாளிக்குக் கிட்டே வந்து மெதுவாக, "நானும்தான். யார்கிட்டயும் சொல்லிடாத வாளியக்கா."

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா," என்றேன்.

எல்லாப் பேச்சும் லேப்டாப்பில் பதிவாகும். அந்தத் துண்டை மட்டும் அழித்துவிடும்படி தோழியிடம் அன்றைக்கே சொன்னேன். மறுநாள் கேட்டதற்கு, "அழிச்சுட்டேன்டி, போதுமா?" என்றாள். மூன்று வருடம் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்தவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

கல்லூரிக் கண்காட்சிக்கு அந்தப் பள்ளிப் பிள்ளைகளையும் பஸ்ஸில் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். குழந்தைகள் ரோபோவை எவ்வளவு நம்புகிறார்கள் பாருங்கள் என்று நடுவர்களிடம் சொல்லிவிட்டு, என் தோழி ஒரு பதிவைப் போட்டாள். அதே துண்டு. பெரிய ஸ்பீக்கரில், அந்தப் பெண்ணின் குரல், அதற்குப் பின்னால் என் சத்தியம். பிள்ளைகளுக்கு யாருடைய குரல் என்று தெரியாதா என்ன? வரிசை முழுக்கச் சிரித்தது. நடுவர்களும் சிரித்தார்கள்.

"நிறுத்துடி" என்று கத்தினேன்.

"சின்னப் புள்ளடி, நாளைக்கே மறந்துடும். மார்க்கு நமக்குத்தான வருது?" என்று என் காதோரம் சொன்னாள். இத்தனை நாள் இவளோடுதானா சாப்பிட்டேன், தூங்கினேன் என்று அருவருப்பாக இருந்தது.

அந்தச் சிறுமி சிரிக்கிறவர்களைப் பார்க்கவில்லை. நான் கத்தியபோதே என் குரலை அடையாளம் கண்டுகொண்டிருந்தாள். எழுந்து நேராக என்னிடம் வந்தாள்.

"நீதானா வாளியக்கா?"

"ஆமாம்மா. ஆனா நான் யார்கிட்டயும் சொல்லல. அந்த அக்காதான் போட்டுட்டாங்க," என்று தோழியைக் காட்டினேன்.

அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒங்கிட்டதானக்கா நான் சொன்னேன்," என்றாள்.