புறாக்காரன் சாட்சி

இரண்டு விரலை வாயில் வைத்து ஒவாதியா ஒரு சீழ்க்கை விட்டால், முப்பத்தொரு புறாவும் மொட்டைமாடியிலிருந்து ஒன்றாக எழும்பும். அடுத்த சீழ்க்கைக்குத் திரும்பும். அதுவரை சுவரில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பான். தோலைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்வான், கீழே துப்பமாட்டான். சுவருக்குச் சாந்து பூசுவது தொழில். வேலை செய்த வீட்டைக் கூட்டிவிட்டுத்தான் கிளம்புவான். அடுத்தவர் புறா ஒன்று கூட்டத்தோடு வந்து இறங்கிவிட்டால், கால் வளையத்தைப் பார்த்து, உரியவர் வீடு தேடி நடந்தே போய்க் கொடுப்பான். "தொலைச்சவனுக்குச் சோறு எறங்காதுண்ணே" என்பான்.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஜெருசலேம் சந்தையில் மூன்று மசாலாக் கடை கட்டியவன் நான். படித்தவர்கள் ஏமாந்த ஆட்களிடம் நான் ஏமாந்ததில்லை. சொல்கிறேன்: எங்கள் சந்தில் அவனைப்போல நேர்மையானவன் கிடையாது.

ஆனால் அவன் பசூல். ஆகாதது எல்லாவற்றுக்கும் யூதர்களான எங்களிடம் அந்த ஒரே சொல்தான். வேதச் சுருளில் மை உதிர்ந்தால் பசூல். கிறுக்கிய வாக்குச் சீட்டு பசூல். சாட்சி சொல்லக் கூடாத மனிதனும் பசூல். அந்த மனிதர்களுக்குப் பழைய சட்டத்தில் பட்டியலே உண்டு. சூதாடி, வட்டிக்காரன், கூடவே புறா விடுகிறவன். பிறர் புறாவை மயக்கி இழுப்பானாம், ஆகவே திருடன்.

நாமாவின் கல்யாணம் வரும்வரை அவன் இதைப் பொருட்படுத்தவில்லை. நாமா, அவனோடு சாந்து பூசிய ஷாவுலின் மகள். சாரத்திலிருந்து விழுந்த ஷாவுல் ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்னது, "எம் பொண்ணு கல்யாணத்துக்கு நீதான்டா சாட்சி." எங்கள் வழக்கப்படி இரண்டு சாட்சிகள் கல்யாண ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, மோதிரம் போடுவதைக் கண்ணால் கண்டால்தான் கல்யாணம்.

"கூண்ட ஒடச்சுப் போட்டுட்டு வா," என்றார் கல்யாணத்தை நடத்தவிருந்த மதகுரு, ரபி மெனாஷே. "திருந்திட்டான்னு சட்டம் ஏத்துக்கும்."

அவர் பார்க்கவே சுத்தியலால் நொறுக்கினான். புறாக்களைத் தூரத்து ஹைஃபா ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தான்.

"என்னடா, பொண்டாட்டி ஓடிப்போன மாதிரி உக்காந்திருக்க?" என்றேன்.

"அவ போனப்பக்கூட வீடு இவ்ளோ சத்தமில்லாம இருந்ததில்லண்ணே."

வெள்ளிக்கிழமை மதியம் கல்யாணம். அன்று காலை புறாக்கள் திரும்பி வந்துவிட்டன. கூண்டில்லாததால் மாடிச்சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மாப்பிள்ளையின் சித்தப்பா பார்த்துவிட்டார். மண்டபத்தில் அவர் எழுப்பிய கூச்சலில் ரபி ஒவாதியாவை ஓரமாக அழைத்துப் போனார்.

"நான் விசிலே அடிக்கல, ரபி. அதுங்களா வந்துச்சு."

"நான் நம்புறேன்டா. நாளைக்கு எவனாவது இந்தக் கல்யாணமே செல்லாதுன்னு கெளப்பிவிட்டா, அந்தப் பொண்ணு எங்க போய் நிக்கும்?"

ஒவாதியா மணப்பெண் அறையின் கதவைப் பார்த்தான். பிறகு தலையசைத்தான்.

ரபி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். தாடி, ஜெபக்கூடத்தில் முதல் வரிசை, மூன்று கடை. முதல் கடையில் நான் வைத்திருந்த, கிலோவுக்கு ஐம்பது கிராம் விழுங்கும் தராசைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மேசையில் ஒப்பந்தத்தை விரித்தார்கள். ஒவாதியா என் பக்கத்தில் வந்து, கோட்டின் உள்பையிலிருந்து ஒரு புதுப் பேனாவை எடுத்தான்.

"இதுல போடுங்கண்ணே. நல்லா எழுதுது, வீட்ல எழுதிப் பாத்தேன்."

மூடியைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டு, பேனாவை நீட்டினான்.