இடம் பிடிக்க வைத்த பை

விழுப்புரத்திலிருந்து சாயங்காலம் கிளம்பும் பாசஞ்சரில் எங்கள் கூட்டத்துக்கு இடம் பிடிப்பது என் வேலை. என் ஆபீஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வண்டி பிளாட்பாரத்துக்கு வந்ததும் ஏறி, ஒரு சீட்டில் பையை வைப்பேன், எதிரில் குடையைப் படுக்கப் போடுவேன், ஜன்னலோரத்துக்குக் கைக்குட்டை. அப்புறம் இறங்கி டீ குடிக்கப் போய்விடுவேன். சீசன் டிக்கெட்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். அடுத்தவர் கைக்குட்டையை எடுத்துவிட்டு உட்காரும் தைரியம் அந்த வண்டியில் யாருக்கும் கிடையாது.

கூட்டம் என்றால் மூன்று பேர். ஒருவர் கிளியனூர்க்காரர், வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விவசாயம், விழுப்புரத்தில் அரசாங்க வேலை. இன்னொருவர் திண்டிவனத்தில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருந்த வாத்தியார். மூன்றாவது நான். கிளியனூர்க்காரர் பேப்பரைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் கொடுப்பார். பிறகு திண்டிவனம் வரும்வரை வாக்குவாதம். அரசியல், சினிமா, விலைவாசி எதிலும் நாங்கள் ஒத்துப்போனதில்லை. எங்காவது குண்டு வெடித்த செய்தி வந்தால் மட்டும் வாக்குவாதம் இருக்காது. எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

நான் முந்திக்கொள்வேன். இவனுங்களை நடுரோட்டில் நிற்க வைத்துச் சுட வேண்டும் என்பேன், மற்ற எல்லாரையும்விட உரக்க. காலையில் ரேடியோவில் செய்தி கேட்கும்போதே காது பிடிபட்டவனின் பெயரைத்தான் தேடும். நம்ம பெயராக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்வேன். செத்தவர்களுக்காக வேண்டிக்கொண்டதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இதை எழுதும்போதே கூசுகிறது.

"பாய், உங்கள சொல்லல. நீங்க நம்ம ஆளு," என்பார் கிளியனூர்க்காரர். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அப்படியென்றால் யாரைச் சொல்கிறீர்கள், என் அண்ணனையா, தொழுகையில் என் தோளோடு தோள் நிற்கிறவரையா என்று ஒருநாளும் கேட்டதில்லை. பரீட்சையில் பாஸானவன் மாதிரி அவர் கொடுத்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டிருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தடவை, தூரத்து ஊர் ஒன்றில் குண்டு வெடித்த மறுநாள், வழக்கம்போல இடம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் எங்கள் பெட்டி வாசலில் கும்பல். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் இறங்கி நின்றார்கள். ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் ஜன்னல் வழியாக என் பையைப் பார்த்தபடி, யாருடையது, யாருடையது என்று கத்திக்கொண்டிருந்தார்.

கும்பலின் முன்வரிசையில் நின்றது என் நண்பர்கள் இருவரும்தான். அது காக்கி நிறக் கான்வாஸ் பை. அறுந்த கைப்பிடியை என் மனைவி சிவப்பு நூலால் தைத்திருந்தாள். ஆறு வருஷமாக அந்தப் பையை நகர்த்திவிட்டுத்தான் அவர்கள் உட்காருகிறார்கள். நம்ம பைதான் சார் என்று ஒரு வார்த்தை போதும். வாத்தியார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளியனூர்க்காரர் என்னைக் கண்டதும் கையாட்டிக் கூப்பிட்டார்.

"ஜல்தி வாங்க பாய். ஏன் பாத்துக்கினு நிக்கிறீங்க? ஒண்ணுமில்லன்னு தொறந்து காட்டிட்டா பேஜாரு முடிஞ்சிரும்."

காட்டினேன். உள்ளே ஏறிப் பையை எடுத்து வந்து, பிளாட்பாரத்தில் குந்தி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். டிபன் பாக்ஸ், கண்ணாடிக் கூடு, அன்று மத்தியானம் மூலத்துக்கு வாங்கிய களிம்பு. போலீஸ்காரர் களிம்பைக் கையில் வாங்கி, அட்டையில் இருந்ததை உரக்கப் படித்தார். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ரொம்ப நேரம் சிரித்தது நான்தான். வண்டி கிளம்பியதும் கிளியனூர்க்காரர் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக் கொடுத்தார். நல்ல மனுஷர். என் அம்மா மௌத்தானபோது முதல் ஆளாக வந்து நின்றவர். அதனாலேயே அன்று அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எனக்காக வெட்கப்பட்டேனா, அவருக்காகவா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து இடம் பிடிக்கக் கைக்குட்டை மட்டும்தான். பை என் மடியில், அதுவும் ஜிப்பைத் திறந்து வைத்தபடி. காக்கி உடுப்பைக் கண்டால் கை தானாகப் பையின் வாயை விரித்துவிடும். ஏன் என்று நண்பர்கள் கேட்கவில்லை. மல்லாட்டையும் வாக்குவாதமும் பழையபடியே நடந்தன.

சில வருஷங்களுக்கு முன், திருச்சியில் ஹாஸ்டலில் இருந்து படித்த என் மகளை ரயிலேற்ற அதே விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் போனேன். முந்தின நாள் எங்கோ குண்டு வெடித்திருந்தது. டிவியில் நாலு பேர் உட்கார்ந்து எங்கள் எல்லாரையும் பற்றிக் கத்தித் தீர்த்திருந்தார்கள். முக்காடு போட்டு என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் அவள். நாயோடு இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அவர்கள் எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் எழுந்துவிட்டேன். அவள் பையின் ஜிப்பைக் கடைசிவரை இழுத்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, பாருங்க சார், துணிமணிதான் என்றேன்.

மேலாக இருந்தவை அவளுடைய உள்ளாடைகள். பக்கத்தில் நின்ற பயணிகள் எட்டிப் பார்த்தார்கள். போலீஸ்காரர்களில் ஒருவர் சங்கடப்பட்டு, வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வேகமாக நடந்தார்.

அவள் என் கையைத் தள்ளிவிட்டு ஜிப்பை மூடினாள். ரயில் வந்தது. அவள் பெட்டியில் ஏறியதும், பையைத் தூக்கிக் கொடுக்கலாம் என்று குனிந்தேன். அவளே எட்டி அதை எடுத்துக்கொண்டாள்.

"உடுங்க அத்தா. அது என் பை."