‘தே’யில் தொடங்கும் பஸ்

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட என் மகளின் எடை ஒரு கிலோவைத் தொடவில்லை. ஏலக்காய் வாங்கப் போகும் மஞ்சப்பைக்குள் அடங்கியிருப்பாள். எட்டு வயதில் வாய் ஊரையே விலைபேசும். படிக்கச் சொன்னால்தான் தலைவலி வரும். பார்வையில் குறையில்லை என்றுவிட்டார் கண் டாக்டர். தனி எழுத்தைக் காட்டினால் பட்டென்று சொல்வாள். எழுத்துகள் சேர்ந்து வந்தால் முதலாவதைப் பார்த்து மீதியை ஊகிப்பாள். வீடு முழுக்கப் புத்தகம் அடுக்கியிருக்கும் மேதையான நான், அது சோம்பல் என்று கண்டுபிடித்திருந்தேன்.

“சோம்பல் இல்ல சார். ரொம்பச் சின்னதாப் பொறந்த பிள்ளைக சிலதுக்கு இப்பிடி இருக்கும். எழுத்து நெருக்கி நின்னா பிரிச்சுப் பாக்கச் சிரமம்,” என்றார், கடைசியில் அவளை அழைத்துப்போன சிறப்புப் பயிற்சி ஆசிரியை. அட்டையில் சின்ன ஜன்னல் வெட்டி, வரியின் மேல் வைத்து எழுத்தெழுத்தாக நகர்த்தச் சொன்னார். நான் எழுதி, விலைபோகாமல் பரணில் கிடந்த நகைச்சுவைப் புத்தகத்தின் அட்டை வாகாக இருந்தது.

“இப்பத்தான் இதால ஒருத்தருக்குப் பிரயோசனம்,” என்றாள் மனைவி.

மூன்று மாதம் ஜன்னல் நகர்ந்தது. ஊகம் நிற்கவில்லை. இவள் படிக்கவே மாட்டாளோ என்று பயம் வந்தது.

போன ஞாயிறு போடியில் விசேஷ வீட்டில் சாப்பிட்டுவிட்டு, தேனிக்குத் திரும்ப நானும் அவளும் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். ஒரு பஸ் நுழைந்தது. போர்டில் முதல் எழுத்து ‘தே’. பாய்ந்துபோய் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடித்தேன்.

“ஏறு ஆத்தா, கூட்டம் வருது!”

அவள் அசையவில்லை. கையைக் குழாய்போலச் சுருட்டி ஒரு கண்ணில் வைத்து, போர்டைத் துழாவினாள்.

“தே... வா... ர... ம். அப்பா, இது தேவாரம் பஸ்ஸு!”

கண்டக்டர் சிரித்தார். “பாப்பா சரியாத்தான் சொல்லுது. நீங்க கண்ணாடி போடலையாண்ணே?”

போட்டிருந்தேன்.

“மொத எழுத்தப் பாத்து அடிச்சு விடாதன்னு என்னய மட்டும் திட்டுவீக?” என்றாள்.

அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, யாருக்கு அக்கறை! “அங்கன பாரு, அது என்ன?” “கு... மு... ளி!” “இது?” “இங்கு... எச்சில்... துப்பாதீர்!” இவ்வளவு இனிமையான தமிழை நான் கேட்டதேயில்லை. இரண்டு தேனி பஸ்களை விட்டுவிட்டு, சுவரில் இருந்ததையெல்லாம் படிக்க வைத்தேன்.

துண்டு தேவாரம் போய்விட்டது.