தண்டையலின் வெள்ளிக்கொடி

அந்தப் பெட்டி பலகையால் செய்தது. ஆணி கிடையாது. மரமுளை அடித்துப் பசையால் ஒட்டியது. ஜேர்மனியின் கீல் துறைமுகத்தில், கட்டிக்கொண்டிருந்த நீர்மூழ்கிக் கப்பலின் முதுகிலுள்ள வாசலுக்குப் பக்கத்தில் அது காலையில் வந்துவிடும். கீழே இறங்குகிற எவனும் தன்னிடமுள்ள உலோகத்தை எல்லாம் அதற்குள் போடவேண்டும். கைக்கடிகாரம், வீட்டுத் திறப்பு, சில்லறைக்காசு, இடுப்புப் பட்டி, கலியாண மோதிரம், கழுத்தில் தொங்கும் சிலுவை. எங்கள் குழுவின் தலைவர் பக்கத்தில் நிற்பார். அவரை எல்லோரும் மைஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். உலகப் போரில் நீர்மூழ்கிக்குள் கிடந்து தப்பி வந்த மனிதர். முகத்தில் சிரிப்பைக் கண்டது குறைவு. ஒவ்வொருவனுடைய சட்டைப்பை, இடுப்பு, கால் எல்லாம் தன் கையால் தடவிப் பார்த்த பிறகே இறங்க விடுவார்.

அவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்து நீர்மூழ்கி, மேலே வந்தால் டீசலில் ஓடும், கீழே போனால் பற்றறியில் ஓடும். அந்தப் பற்றறி காரில் இருப்பது போன்றதல்ல. ஒவ்வொரு கலமும் நெஞ்சளவு உயரம், உள்ளே ஈயத்தகடும் அமிலமும். அப்படி நூற்றுக்கணக்கில் கப்பலின் அடிவயிற்றில் நெருக்கி அடுக்கியிருக்கும். தொழிற்சாலையில் மின் ஏற்றி, பாரந்தூக்கியால் ஒவ்வொன்றாக இறக்குவார்கள். பிறகு ஒரு கலத்தையும் அடுத்த கலத்தையும் செம்புப் பட்டையால் இணைத்து, றப்பர் சுற்றிய சாவியால் முறுக்க வேண்டும். கலங்களின் தலைக்கும் மேல்தட்டுக்கும் இடையில் ஒரு மனிதன் குப்புறக் கிடக்கும் அளவுக்கே இடம். சில்லு வைத்த பலகை ஒன்று அங்கே இருக்கும். அதில் வயிறு பதியப் படுத்துக்கொண்டு கையால் உந்தி உந்திப் போகவேண்டும். உலோகம் ஏதும் இரண்டு கலங்களில் சேர்ந்து பட்டால் நெருப்புத்தான். பலகையின் பின்னால் ஒரு கயிறு. ஏதும் நடந்தால் வெளியில் இருப்பவன் இழுத்து எடுக்க.

ஜேர்மன்காரரின் தோளுக்கு அந்த இடம் காணாது. அதனால்தான் எங்களை எடுத்தார்கள். நானும் தண்டையல் அண்ணையும் ஒரே சரக்குக் கப்பலில் வேலை செய்து, ஹம்பேர்க்கில் அந்தக் கப்பலை விற்றபோது தரையில் நின்றுவிட்டவர்கள். பற்றறி இறக்கிப் பூட்டும் கொம்பனி ஒன்று எங்களைச் சேர்த்தது. வேலை இருக்கும்வரைதான் விசா. அண்ணை முன்பு இலங்கையின் வடகரையிலிருந்து பாய்த்தோணி ஓட்டியவர். தோணியின் தலைவனைத் தண்டையல் என்போம். அந்தப் பெயர் அவருடன் ஜேர்மனிவரை வந்தது. வெல்டிங் செய்கிற தடித்த ஒருவன் எங்களைக் கண்டால் விடமாட்டான். "இவங்கள் ரெண்டு பேருக்கும் கதவு எதுக்கு? முத்திரை ஒட்டித் தபால்பெட்டியில போட்டா கீழ போயிடுவாங்கள்" என்பான். அண்ணை என்னிடம் கேட்பார், "என்னவாம்?" நான் சொல்வேன். "அவரின்ர பாரத்துக்கு முத்திரை ஒட்டக் காசு காணாது எண்டு சொல்லு." நான் சொல்வேன். அவன் தன் வயிற்றில் தட்டிச் சிரிப்பான்.

முதல் நாள் மைஸ்டர் எல்லோரையும் போல அண்ணையின் இடுப்பிலும் கை வைத்தார். அண்ணை அந்தக் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டார். பலமாகத் தள்ளவில்லை. ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மைஸ்டர் அவரைப் பார்த்து, "மெற்றால்?" என்று கேட்டார். "நைன்," என்றார் அண்ணை, இல்லை என்று. மைஸ்டர் வழி விட்டார். அன்றிலிருந்து மற்ற எல்லோரையும் தடவினார், இவரிடம் மட்டும் கேட்டார். கடலில் இருந்தவன் கடலில் இருந்தவனுக்குக் கொடுக்கும் மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒரே கேள்வி, ஒரே பதில். இருவருக்கும் பொதுவாக வேறு பேச்சே இருக்கவில்லை.

அண்ணையின் இடுப்பில் வெள்ளி அரைநாண்கொடி இருந்தது. விரல் தடிப்பு. அது எனக்குத் தெரியும், கப்பலில் ஒன்றாகக் குளித்தவர்கள். வேலைக்குச் சேர்ந்த கிழமையே சொன்னேன்.

"அதைக் கழட்டிப்போட்டு வாங்கோ அண்ணை. இது விளையாட்டில்லை."

"கடலுக்குப் போறவன் கழட்டக்கூடாதடா தம்பி."

"இது கரையில கட்டுற கப்பல்."

"கப்பல் கப்பல்தானே."

பிறகு அவரே சொன்னார். அவருடைய தம்பி புயலில் போய், நாலாம் நாள் கரையில் ஒதுங்கினானாம். முகம் இல்லை. மீன் விட்டு வைக்கவில்லை. தாய் தொட்டுப் பார்த்தது இடுப்புக் கொடியைத்தான். அதை வைத்துத்தான் பிள்ளையை வாங்கிக்கொண்டுபோய் எரித்தார்கள். இன்னொரு பையனும் ஒதுங்கினான், அவனுக்குக் கொடி இல்லை, இரண்டு வீட்டுக்காரர் வந்து எங்கள் பிள்ளை எங்கள் பிள்ளை என்று இழுபட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு அண்ணை சுருட்டைப் பற்றவைத்தார். "சரி தம்பி, நீ சொல்லுறாய், கழட்டிறன்," என்றார். நான் அதை நம்பினேன். இன்னொரு ஆம்பிளையின் இடுப்புச் சாரத்தை விலக்கிப் பார்க்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

அமிலம் பருத்தித் துணியைத் தின்னும். ஒரு துளி பட்டால் அன்றைக்குத் தெரியாது, தோய்த்தால் அந்த இடம் ஓட்டையாகிவிடும். பலகையில் குப்புறக் கிடப்பதால் எங்கள் மேலங்கியின் வயிற்றுப் பக்கம் அரிதட்டு மாதிரி இருக்கும். புதிய உடுப்புத் திங்கட்கிழமைதான் தருவார்கள். அது வெள்ளிக்கிழமை.

பின்பக்கப் பற்றறி அறையில் கடைசி வரிசை. அண்ணை உள்ளே, நான் வெளியே கயிற்றுடன். எட்டாத ஒரு பட்டைக்காக அவர் பலகையிலிருந்து பக்கவாட்டில் சரிந்து கையை நீட்டினார். ஒரு வெளிச்சம் வந்தது. வெல்டிங் வெளிச்சம் போல நீலமாக. சத்தம் பெரிதாக இல்லை. நான் இழுத்தேன். பலகை வந்தது, அண்ணையும் வந்தார், மணமும் வந்தது. அந்த மணத்தைப் பற்றி எழுதமாட்டேன்.

மின்சாரம் ஆளை அடிக்கவில்லை. வெள்ளியைத்தான் பிடித்தது. மேலங்கியின் ஓட்டையால் வெளியே வந்த கொடி இரண்டு கலங்களின் தலையில் ஒரே நேரத்தில் பட்டிருக்கிறது. கண் மூடித் திறப்பதற்குள் அது நெருப்பாகி ஓரிடத்தில் உருகி அறுந்தது. மற்றதெல்லாம் அவருடைய இடுப்பைச் சுற்றி இறைச்சிக்குள் போய்விட்டது. அவர் கத்தவில்லை. "கொடி, கொடி," என்று மட்டும் சொன்னார். மைஸ்டர் மேலேயிருந்து இறங்கி வந்து, அவரைக் கையில் ஏந்திக்கொண்டு ஏணிவரை போனார். அப்போதுதான் அவர் அந்த இடுப்பைப் பார்த்தார். தொழிற்சாலையில் ஏற்றிய மின்தான், கப்பலுக்குள் அன்றைக்கு ஏற்றவில்லை. ஏற்றிக்கொண்டிருந்தால் அதிலிருந்து எழும் வாயு பற்றி, உள்ளே நின்ற எவனும் மிஞ்சியிருக்கமாட்டான்.

ஆஸ்பத்திரியில் வெள்ளியைத் துண்டு துண்டாக எடுத்தார்கள். அதை என்ன செய்வது என்று தாதி கேட்டாள். "கடல்ல போடு தம்பி," என்றார் அண்ணை. கீல் துறைமுகத்தில் போட்டேன்.

காயம் ஆற நாளெடுத்தது. அது ஆறுவதற்கு முன்பே கொம்பனிக்காரர் ஒருவர் திராட்சைப்பழத்துடன் வந்தார். நல்ல மரியாதையாகக் கதைத்தார். எனக்குத் தெரிந்த ஜேர்மன் வேலைத்தளத்து ஜேர்மன்தான், ஆனாலும் விளங்கியது. கப்பலை வாங்கும் நாட்டுக்காரர் கேள்வி கேட்கிறார்கள். பாதுகாப்பு அதிகாரி வருவார். யாராவது ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். மைஸ்டர் உங்களைச் சோதிக்கவுமில்லை, கேட்கவுமில்லை என்று நீங்கள் சொன்னால், விதி தெரியாத தொழிலாளி நீங்கள், மேலே இலேசான வேலை தருவோம். தெரிந்துகொண்டே மறைத்தீர்கள் என்றால் உங்களை வைத்திருக்க வழியில்லை. இவ்வளவையும் நான் அண்ணைக்குத் தமிழில் சொன்னேன். அவர் திராட்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆள் போன பிறகு கேட்டார், "மைஸ்டருக்கு என்ன செய்வாங்கள்?"

"கோடு கச்சேரி, வழக்கு எண்டு போகும். வேலை போகும். பென்சன் எடுக்கக் கிட்டவாம், அதுவும் என்னாகுமோ தெரியாது."

"எனக்கு?"

"வேலை போனா விசாவும் போகும் அண்ணை."

ஊரில் அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவளுக்குச் சீதனமாக ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் இந்தக் குளிரும் அமிலமும். அவருக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. "மைஸ்டர் வந்து பாக்கேல்லை என்ன?" என்றார். வரக்கூடாது என்று கொம்பனி மறித்திருந்தது. அதைச் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றார். இடுப்பு விடவில்லை.

அடுத்த நாள் அதிகாரி வந்தார், கொம்பனிக்காரரும் கூட வந்தார். அதிகாரி கேட்டார், நான் தமிழில் சொன்னேன். மைஸ்டர் உங்களிடம் உலோகம் பற்றிக் கேட்டாரா?

"ஓம். ஒவ்வொரு நாளும் கேட்டவர். அண்டைக்கும் கேட்டவர். நான் இல்லை எண்டு பொய் சொன்னனான்."

நான் அதை ஜேர்மனில் சொன்னேன். கொம்பனிக்காரர் என்னைப் பார்த்து, நீ சரியாக மொழிபெயர்க்கிறாயா என்றார்.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"நான் பிழையாச் சொல்லுறனோ எண்டு கேக்கிறார்."

"அப்ப இன்னொருக்காச் சொல்லு. ஆறுதலா, ஒவ்வொரு சொல்லாச் சொல்லு. முதல்நாள் தடவ வந்த கையைத் தட்டிவிட்டதும் நான்தான் எண்டு சொல்லு."

சொன்னேன். அதிகாரி எழுதினார். கொம்பனிக்காரர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு எவரும் திராட்சைப்பழம் கொண்டுவரவில்லை.

அண்ணையின் விசா நீடிக்கப்படவில்லை. கீல் ரயில் நிலையத்துக்கு நான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். இடுப்பில் எதையும் இறுக்க முடியாது என்பதால் காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தார். "இனிச் சாரமும் கட்டேலாது," என்றார். மேடையில் மைஸ்டர் நின்றார். யார் சொன்னார்கள் என்று தெரியாது. அவர் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தார். தன் தோளில் கிடந்த காற்சட்டைத் தோள்வாரை அவிழ்த்தார். குனிந்து அண்ணையின் காற்சட்டையில் முன்னுக்கும் பின்னுக்கும் மாட்டி, நீளத்தைச் சரிசெய்தார். அண்ணை அந்தக் கையைத் தள்ளவில்லை. ரயில் போன பிறகு மைஸ்டர் ஒரு கையால் தன் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனார். திங்கட்கிழமையிலிருந்து அவர் என்னை நோகத் தடவிப் பார்த்தார். அண்ணையின் பெயரை வாயில் எடுக்கவில்லை.

இப்போது ஜப்பான்காரர் நீர்மூழ்கியிலிருந்து ஈயத்தையே எடுத்துவிட்டார்களாம். லித்தியம் பற்றறியாம், அமிலம் கிடையாது, வாயு எழும்பாது, கனநேரம் தண்ணீருக்குள் கிடக்குமாம். தொலைக்காட்சியில் காட்டினார்கள். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் நின்றுகொண்டே வேலை செய்கிறார்கள். நல்லது. குப்புறக் கிடந்தவர்களைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

அந்த விபத்துக்குச் சில வருடம் கழித்து ஊருக்குப் போனபோது அண்ணையைத் தேடிப் போனேன். கடற்கரையில் எல்லோரும் சாரத்தோடு நிற்க, அவர் மட்டும் வெறும் மேலில் தோள்வாரும் காற்சட்டையுமாக வலைக்குவியலில் இருந்தார். பெடியள் அவருக்குத் 'துரை' என்று பட்டம் வைத்திருந்தார்கள். தோணி இழுக்க அவருக்கு ஏலாது. மற்றவர்களின் என்ஜினுக்குக் காவல் இருந்தார். வீட்டுக்குக் கூட்டிப் போனார். சுவர் தலைக்கு மேல் எழும்பி நின்றது. மூத்தவள் வாசலில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். கழுத்தில் தாலி இல்லை.

"மைஸ்டர் பென்சன் எடுத்திட்டாரோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. முழுசா எடுத்தவர்."

தலையை ஆட்டினார். நான் சுவருக்கு மேலே வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டுவிட்டார்.

"மழைக்கு முதல் கூரைக்குக் கிடுகு போடவேணும்," என்றார்.